பொறையான் கட்டிய ஐம்பது கொடி

முன்னொரு காலத்தில், கப்பல்காரனுக்குக் காற்றுதான் எஜமானன் என்றிருந்த காலத்தில், வெண்மணற்பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. எந்த நாட்டில் என்று கேட்காதீர்கள். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும், கதை அங்கேயே நிற்கும். அந்த ஊரை ஆண்டவர் விசயகேதன மகாராஜா. நல்ல மனிதர், கொடுக்கிற கை. ஆனால் அவரைவிட இன்னொருவர் ஒரு படி மேல் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அரண்மனையில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

அப்படிச் சொல்வதற்கென்றே அவருக்கு ஒரு மைத்துனர் வாய்த்திருந்தார். மகாராஜாவின் தங்கையைக் கட்டியவர். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் செங்கழிப்பட்டினத்தை ஆண்டுகொண்டிருந்தார். ஒரு நாள் காலை அவரிடமிருந்து ஓலை வந்தது.

"மச்சானுக்கு வணக்கம். மர்சூக் என்னும் கடல் யாத்திரிகர் உலகத்துப் பட்டினங்களையெல்லாம் பார்த்து, எந்த ஊருக்கு வெளிநாட்டு வணிகத் தொடர்பு அதிகம் என்று வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் நாலாவது. தங்கள் ஊர் எங்கே என்று தேடினேன். பதினேழாவதாக இருக்கிறது, ஏட்டின் பின்பக்கத்தில். தங்கை சுகம். மர்சூக் நாற்பது நாளில் தங்கள் பக்கம் வருகிறாராம். கவனித்துக்கொள்ளவும்."

பதினேழாவது என்பதைக்கூட மகாராஜா பொறுத்திருப்பார். அந்தப் 'பின்பக்கம்' இருக்கிறதே, அதுதான் அவரைச் சுட்டுவிட்டது. ஓலையைக் கையில் பிடித்தபடி சபைக்கு வந்தார்.

"துறைநாயகரே! அந்த யாத்திரிகன் எதை அளந்து இப்படி எழுதினான்?"

துறைநாயகர் குணபூஷணர் எழுந்து கைகட்டி நின்றார். துறைமுகம் முழுவதும் அவர் அதிகாரத்தில் இருந்தது. மெலிந்த ஆள். அடுத்தவனுக்கு ஒரு நல்லது நடந்தால் இன்னும் கொஞ்சம் மெலிவார்.

"மகாராஜா, வெளிநாட்டு வணிகர் ஓர் ஊரில் சரக்குக் கிட்டங்கி வைத்தால், அதன் கூரைமேல் தம் நாட்டுக் கொடியை ஏற்றுவது வழக்கம். மர்சூக் அந்தக் கொடிகளை எண்ணுகிறார். செங்கழியில் முப்பத்தொரு கொடி. நம்மிடம் பதினொன்று."

"அப்படியானால் நமக்கு ஐம்பது கொடி வேண்டும்!"

"உத்தரவு. கடற்கரையில் முப்பது கொட்டகை போட்டு முப்பது கொடி ஏற்றிவிடுவேன். இன்னும் இருபதுக்கு இடம் போதாது. துறைமுகத்தை ஒட்டித் துபாஷித் தெரு இருக்கிறது. எண்பது ஓட்டு வீடுகள், ஒரே இரைச்சல். அதை இடித்துவிட்டால் இடம் கிடைக்கும்."

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். துபாஷி என்றால் இரண்டு மொழி பேசி, வெளிநாட்டானுக்கும் உள்ளூரானுக்கும் நடுவில் நின்று வியாபாரத்தை முடித்துவைக்கிறவன். வெண்மணலுக்கு வருகிற வணிகர்கள் பெரும்பாலும் தனியாகக் கிட்டங்கி வைப்பதில்லை. தங்கள் துபாஷியின் வீட்டிலேயே இறங்குவார்கள். சரக்கு பின்கட்டில், படுக்கை முன்கூடத்தில், சாப்பாடு வீட்டுக்காரர்களோடு. திரும்பிப்போகக் காற்று மாறுகிற வரைக்கும் நாலு மாதம் அங்கேயே கிடப்பார்கள். அதனால்தான் ஊரில் கொடி குறைவு.

அந்தத் தெருவில்தான் விகடகவி பொறையானின் வீடும் இருந்தது. மாமனார் துபாஷியாக இருந்து விட்டுப்போன வீடு. பொறையான் என்று பெயர் வைத்தார்களே தவிர, பொறுமை என்பது அந்த மனிதனுக்கு மருந்துக்கும் கிடையாது. சபையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?" என்றார் மகாராஜா.

"பெருமானே, ஒருவன் வீட்டுக்கு உறவுக்காரர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள, வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணலாம். செருப்பு போதவில்லை என்று கடையில் நூறு ஜோடி வாங்கி வாசலில் போட்டால் உறவு கூடிவிடுமா? அதுவும் வந்த விருந்தாளியை வெளியே தள்ளி, அந்த இடத்தில் செருப்பை அடுக்கினால்?"

சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மகாராஜா சிரிக்கவில்லை. சிரித்த இரண்டு பேரும் சட்டென்று இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என் ஊரைச் செருப்புக்கடை என்கிறாயா?"

குணபூஷணர் இதற்காகத்தான் பல வருஷம் காத்திருந்தார். "மகாராஜா, பொறையான் பெரிய புத்திசாலி. தெருவை இடிக்காமல் அந்தத் தெருவிலேயே ஐம்பது கொடி கட்டச் சொல்லுங்கள். கஜானாவிலிருந்து ஒரு முழம் துணி தர வேண்டாம். புதிதாக ஒரு கம்பம் நடக்கூடாது. கட்டிவிட்டால் தெரு பிழைக்கட்டும். இல்லையென்றால்..."

"இல்லையென்றால் யாத்திரிகன் முன்னாலேயே யானைகளை விட்டுத் தெருவை இடிப்பேன்" என்றார் மகாராஜா. "முதலில் இவன் வீடு. பிறகு இவன் தலை."

 அப்போதும் பொறையானின் வாய் சும்மா இருக்கவில்லை. "கொடிதானே பெருமானே? ஐம்பது கொடி இருந்தால் போதுமா?"

"கொடி இருந்தால் போதும்."

"ராஜ வாக்கு?"

"ராஜ வாக்கு!" என்று மகாராஜா கத்தினார்.

கடற்கரையில் அன்றைக்கே மூங்கில் வந்து இறங்கியது. பத்து நாளில் பத்துக் கொட்டகை, இருபது நாளில் இருபது. தையற்காரர்கள் சிவப்பும் பச்சையும் வெட்டி வெட்டித் தைத்தார்கள். துபாஷித் தெருவிலோ அடுப்பு எரிந்ததே தவிர யாரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடவில்லை. "நம்ம ஆள் சபையிலே வாயைக் கொடுத்துட்டு வந்துட்டான், இப்ப எண்பது வீடும் தெருவிலே நிக்கணும்" என்று பொறையான் காதுபடவே பேசினார்கள்.  

முப்பதாம் நாள் வரைக்கும் அவன் மூளையில் ஒன்றும் உதிக்கவில்லை. அன்று காலை கொல்லையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மங்காத்தாள் துவைத்த துணியை உதறிக்கொண்டு நின்றாள். அவள் உதறினால் சவுக்கடி மாதிரிச் சத்தம் கேட்கும். பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"இந்தச் சீனத்தான் சட்டை ஒண்ணே நாலு முழம் பிடிக்குது. அந்தக் கடாரத்தான் கைலி வேற. நம்ம துணிய நான் எங்க போடுறது? இன்னொரு கொடி கட்டித் தாங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன்? காதுல வாங்கினாத்தானே!"

பொறையான் தலையைத் தூக்கினான். "என்ன கட்டித் தரணும்?"

"கொடி! துணி காயப்போடுற கொடி! தமிழ்லதானே சொல்றேன்?"

அவன் எழுந்து நின்ற வேகத்தில் வாளித் தண்ணீர் கவிழ்ந்தது. "மங்கா, இன்னொரு தடவை சொல்லு."

"உங்களுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் மர்சூக்கின் கப்பல் வந்தது. போன தடவை அவர் கப்பலைவிட்டு இறங்கவேயில்லை, மேல்தட்டில் நின்றே கொடியை எண்ணிவிட்டுப் போயிருந்தார். இந்தத் தடவை மகாராஜாவே நேரில் போய் அழைக்க, கரைக்கு இறங்கினார். வெள்ளைத் தாடி, இடுப்பில் எழுத்தாணி, கக்கத்தில் அந்த ஏடு. பல துறைமுகத் தண்ணீர் குடித்தவர் என்பதால் கொஞ்சம் தமிழும் பேசினார்.

குணபூஷணர் முதலில் கடற்கரைக்கு அழைத்துப் போனார். முப்பது கொட்டகை, முப்பது கொடி, அத்தனையும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. மர்சூக் எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு கொட்டகை முன்னால் நின்றுவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"இது என் ஊர்க் கொடி! என் ஊர்க்காரர் இங்கே இருக்கிறாரா?"

குணபூஷணர் பதில் சொல்வதற்குள் அவர் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. தன் மொழியில் கூப்பிட்டார். பதில் இல்லை.

"வணிகர் உறங்குகிறார்" என்றார் குணபூஷணர்.

"இந்த வெயிலிலா?"

"களைப்பு" என்றார் குணபூஷணர். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. மர்சூக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஏட்டில் ஒரு கோடு போட்டார். கோடு போட்டால் கணக்கில் சேர்ந்தது என்று அர்த்தம். மகாராஜாவுக்கு மூச்சு வந்தது.

"முப்பதோடு பழைய பதினொன்று" என்றார் அவர். "இன்னும் ஐம்பது இருக்கிறது, வாருங்கள்." சொல்லிவிட்டுப் பொறையானைப் பார்த்த பார்வையில் ஈரம் இல்லை.

துபாஷித் தெரு கொட்டகைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. தெருமுனையில் நான்கு யானைகள் சங்கிலியோடு நின்றன. பாகர்கள் அங்குசத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்கள். மகாராஜா வருகிறார் என்பதால் தெருவாசிகள் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று குணபூஷணரின் காவலர்கள் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். தெருவில் ஆள் இல்லை. மங்காத்தாள் மட்டும் தன் வீட்டு வாசற்படியில் நின்றாள். அவளை உள்ளே போகச் சொல்ல எந்தக் காவலனுக்கும் தைரியம் வரவில்லை.

மகாராஜா தெருவைப் பார்த்தார். இந்த வீட்டு ஓட்டிலிருந்து எதிர்வீட்டு ஓட்டுக்கு, அந்தத் தூணிலிருந்து இந்த மரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிறு நிறையத் துணி. நீலத்தில் அகலக் கை வைத்த சீனச் சட்டை. பாரசீகத்துத் தொளதொளக் கால்சட்டை. சாவகத்துக் கைலி. ஈழத்து வேட்டி. அரபு அங்கி. நடுநடுவே, எந்த நாட்டுக்கும் பொதுவான கோவணங்கள்.

"இதென்ன?" மகாராஜாவின் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் கத்தினால் பயப்பட வேண்டாம். குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும்.

"கொடி, பெருமானே" என்றான் பொறையான். "ஐம்பது கொடி. எண்ணிப் பார்க்கலாம். கஜானாத் துணி இல்லை, கம்பம் நடவில்லை. பத்தொன்பது நாட்டுக்காரர்களுடைய துணி."

"நான் கேட்ட கொடி இதுவா?"

"கொடி இருந்தால் போதும் என்று ராஜ வாக்கு. பெருமானே, கூரைமேல் கொடி பறந்தால் அந்த நாட்டான் என்றைக்கோ வந்துபோனான் என்று அர்த்தம். இந்தக் கொடியில் ஈரத் துணி தொங்கினால் அவன் இன்றைக்கு இங்கே குளித்தான், இன்றைக்கு இங்கே சாப்பிட்டான் என்று அர்த்தம். தொடர்பு என்பது இதுதானே?"

மர்சூக் தாடியைத் தடவினார். ஏட்டைத் திறந்தார். எழுத்தாணியையும் எடுத்தார். பொறையானுக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் குணபூஷணர் சிரித்தார்.

"யாத்திரிகர் ஏமாற வேண்டாம். இந்த ஊரில் கூத்துக்காரர்கள் நிறைய. ராஜா வேஷம், சீனன் வேஷம், எல்லாத் துணியும் அவர்கள் பெட்டியில் கிடைக்கும். நான்கு பெட்டியை இரவல் வாங்கி நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறான். இத்தனை நாட்டார் இருக்கிறார்கள் என்றால் ஆட்கள் எங்கே? தெருவில் ஒருவரையும் காணோமே?"

ஆட்களை உள்ளே அடைத்து வைத்தவரே இப்படிக் கேட்டார் ஐயா! எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மர்சூக் எழுத்தாணியைக் கீழே இறக்கினார். மகாராஜா பொறையானைப் பார்த்தார். "கூத்துத் துணியா?"

"இல்லை பெருமானே! ஆட்களைக் கூப்பிடுகிறேன்..."

"கூப்பிட்டால் நாலு கூத்துக்காரன் வந்து, நான்தான் சீனன் என்பான்" என்றார் குணபூஷணர். "எந்தத் துணி யாருடையது என்று யார் சாட்சி?"

மகாராஜா கையைத் தூக்கினார். முன்னால் நின்ற யானையின் சங்கிலியைப் பாகன் அவிழ்த்தான். சங்கிலி தரையில் விழுந்த சத்தத்தில் தெருவின் ஜன்னல்களுக்குப் பின்னால் பெண்கள் விசும்புவது கேட்டது.   ஏதாவது வழி கிடைக்குமா என்று பொறையான் வானத்தைப் பார்த்தான். பொட்டு மேகம் இல்லை, சுள்ளென்று வெயில். பிறகு மங்காத்தாளைப் பார்த்தான்.

துபாஷித் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவனவன் துணியை அவனவன்தான் எடுக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் வீட்டுப் பெண்கள் அவசரத்தில் எல்லாவற்றையும் வாரி உள்ளே போட்டுவிட, பாரசீகத்தான் கால்சட்டையைச் சீனத்தான் மாட்டிக்கொண்டு போய், பெரிய சண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து பெண்கள் துணியைத் தொடுவதில்லை. குரல் மட்டும் கொடுப்பார்கள். அதனால் அந்தத் தெருவுக்கு வருகிற எந்த நாட்டானும் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொல் சோறு. இரண்டாவது சொல் எது என்று நீங்களே பார்க்கப்போகிறீர்கள்.

"பெருமானே!" என்று பொறையான் யானைக்கு முன்னால் போய் விழுந்தான். "சாட்சி கொண்டுவருகிறேன். ஒரே ஒரு சொல் சொல்ல அனுமதி வேண்டும். அந்தச் சொல் இந்தத் தெருவுக்கும் கேட்கும், துறைநாயகரின் கொட்டகைகளுக்கும் கேட்கும். எந்தக் கொடிக்கு ஆள் வருகிறது என்று தாங்களே பாருங்கள். இங்கே வராவிட்டால் யானை முதலில் என்மேல் நடக்கட்டும்."

"ஒரு சொல்தான்" என்றார் மகாராஜா.

கொட்டகை வரைக்கும் கேட்கப் பொறையான் தன் குரலை நம்பவில்லை.  மனைவியைப் பார்த்து மேலே கையைக் காட்டினான். நாற்பது நாளாக அவனைத் திட்டித் தீர்த்தவள்தான். ஆனால் அவன் கை காட்டியதும் புரிந்துகொண்டாள். இடுப்பில் கை ஊன்றி மூச்சை இழுத்தாள்.

"மழைஐஐஐ!"

கொட்டகைப் பக்கம் ஒரு கதவும் திறக்கவில்லை. மர்சூக்கின் ஊர்க்கொடி பறந்த கொட்டகைக்குள்ளிருந்து மட்டும் ஓர் ஆடு, "மே" என்றது.

துபாஷித் தெருவில் எண்பது கதவும் ஒன்றாகத் திறந்தன. காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். ராஜா நிற்கிறார், யானை நிற்கிறது, ஒன்றும் அவர்கள் கண்ணில் படவில்லை. குடுமி, தாடி, பின்னல், மொட்டை. சோற்றுக் கையோடு ஒருவன். பாதி முகம் சவரம் செய்தபடி ஒருவன். "மழை! மழை!" என்று ஆளுக்கொரு உச்சரிப்பில் கத்திக்கொண்டு, ஒருவன் காலை ஒருவன் மிதித்து, அவனவன் தன் துணியை உருவினான். ஒருவன் கையும் அடுத்தவன் துணிமேல் போகவில்லை. ஒரு சீனன் மகாராஜாவின் தோளைப் பிடித்து நகர்த்தி, அவர் தலைக்கு மேல் தொங்கிய நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு, "மழை வருது, உள்ள போ!" என்று அவரையே அதட்டிவிட்டுப் போனான்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐம்பது கொடியும் காலி. எல்லாரும் வாசலில் ஒதுங்கி நின்ற பிறகுதான் ஒருவன் மேலே பார்த்தான். வெயில் பளீரென்று அடித்தது.

 பொறையான் இன்னும் யானையின் காலடியில்தான் கிடந்தான். மகாராஜா கொட்டகைகளைப் பார்த்தார். அங்கே ஆடு மறுபடியும் குரல் கொடுத்தது. அவருக்குத் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு யானையின் தந்தத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்னை அதட்டினானே! என் ஊரில் நின்று, என் மொழியில், என்னையே அதட்டினானே! எழுந்திரு பொறையா. யானைகளைக் கூட்டிப் போங்கள்."

எண்பது வீட்டிலும் அழுகையும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். மங்காத்தாள் மட்டும் அசையவில்லை. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்து விட்டாள்.

மர்சூக் ஏட்டை எடுத்தார். பழைய வரிசைக்குக் குறுக்கே பெரிதாக ஒரு கோடு கிழித்தார்.

"இப்போது நாங்கள் முதலாவதா?" என்று மகாராஜா ஆவலாகக் கேட்டார். அந்த ஆசை அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"தெரியாது ராஜாவே. நான் எல்லா ஊரையும் கப்பலில் நின்று எண்ணியவன். திரும்ப எல்லா ஊருக்கும் போய் இறங்கி, கொடியை விட்டுவிட்டுக் கொடியை எண்ண வேண்டும். ஆறேழு வருஷம் ஆகும்."

"அதுவரை செங்கழி நாலாவது இல்லையே?"

"இல்லை. யாரும் எதுவும் இல்லை."

மகாராஜாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அங்கேயே ஓலை கொண்டுவரச் சொல்லி மைத்துனருக்கு எழுதினார். "தங்கள் ஊரில் முப்பத்தொரு கொடி என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. அடுத்த மழைக்கு அவற்றை எடுக்க யார் ஓடி வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லவும். தங்கைக்கு என் அன்பு."

முப்பது கொட்டகையையும் பிரித்து, அந்த மூங்கிலையெல்லாம் துபாஷித் தெருவில் துணிக்கொடி கட்டும் கம்பமாக நட உத்தரவானது. நட்டவர் குணபூஷணர், தம் கையால். ஆட்டையும் அவரே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் மகாராஜா பொறையானிடம். கேட்பதற்கு முன்பே தம் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

பொறையான் அதை வாங்கினான். ஆனால் போர்த்திக்கொள்ளவில்லை. மங்காத்தாளிடம் கொடுக்க, அவள் அதை ஓர் உதறு உதறி, காலியாக இருந்த கொடியின் நடுவில் போட்டாள்.

"பெருமானே, பத்தொன்பது நாட்டாரின் துணிக்கு நடுவில் எங்கள் ராஜாவின் துணியும் கிடக்கட்டும். அதுதான் எனக்குப் பரிசு. ஆனால் ஒன்று. இந்தத் தெருவின் கட்டுப்பாடு தங்களுக்கும் உண்டு."

மகாராஜா மறுபடியும் சிரித்தார். தலையையும் ஆட்டிவிட்டுப் போனார். பொற்காசு முடிப்பு ஒன்றும் மறுநாள் வந்தது, அது தனி.

ஐப்பசி மாதம், சபை நிறைந்திருந்த ஒரு பிற்பகல். அண்டை நாட்டுத் தூதர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், கடற்கரைப் பக்கமிருந்து, ஒரு பெண்குரல் கேட்டது. அரண்மனை வரைக்கும் எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள், அது மங்காத்தாள் குரல். மகாராஜா பாதிப் பேச்சில் சிம்மாசனத்தைவிட்டு எழுந்தார். கிரீடத்தை மந்திரி கையில் கொடுத்தார்.

"மழை!" என்று சொல்லிவிட்டு ஓடினார்.